ஞாயிற்றுக்கிழமை அளவுகள்

என் கைப்பையில் சாப்பாட்டு டப்பா, குடை, திருத்தாத விடைத்தாள் கட்டு, இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் குழாயும் எப்போதும் கிடக்கும். ஒரு சாண் நீளம். ஒரு முனையில் வாயை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்த காற்றைப் பட்டென்று ஊத வேண்டும். பக்கவாட்டில் ஒரு சிவப்பு முள் சரேலென்று மேலே ஏறி, ஏதாவது ஓர் எண்ணில் நின்றுகொள்ளும். தானாக இறங்காது. அடுத்த முறை ஊதுவதற்கு முன் விரலால் தள்ளித்தான் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் சாமான் அது. எனக்கு ஆஸ்துமா இல்லை. எனக்கு இருந்தது ஆராய்ச்சி.

ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு வாத்தியார். முனைவர் பட்டம் இல்லாத வாத்தியார்களை நிர்வாகம் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியபோது, நாற்பதைத் தாண்டிய வயதில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்தேன். நெறியாளர் கொடுத்த தலைப்பு, கிளைவிட்டுப் பிரியும் மூச்சுக்குழல்களில் காற்றோட்டத்தின் கணித மாதிரி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு குழாய் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் நான்காகின்றன, நான்கு எட்டாகின்றன. இப்படி இருபத்து மூன்று முறை. தலைகீழாக நட்ட புளியமரம் ஒன்று எல்லார் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது. அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் காற்று எவ்வளவு வேகமாகப் போகும், எங்கே எவ்வளவு தடை என்று சமன்பாடு எழுத வேண்டும். என் முதல் அத்தியாயத்தின் முதல் வரியே, ‘ஒவ்வொரு குழலும் சரிசமமான இரண்டாகப் பிரிவதாகக் கொள்வோம்’ என்பதுதான். கணக்கு வாத்தியார்கள் ‘கொள்வோம்’ என்று சொல்லிவிட்டால் உலகம் அடங்கி நடக்கும் என்று நம்புகிறவர்கள்.

உலகம் அடங்கியது. என் உடம்புதான் அடங்கவில்லை. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆராய்ச்சிக்காகப் புத்தகத்தில் எந்த நோயைப் படித்தாலும் மறுநாள் அது எனக்கு வந்துவிடும். குழல் சுருங்குவதைப் படித்த வாரம் எனக்குக் குழல் சுருங்கியது. நுரையீரலில் நீர் கோப்பதைப் படித்த வாரம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மாணவர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், ஈசிஜி எல்லாம் எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் கேட்டார், “காலைல என்ன சாப்ட்டீங்க?”

“பூரி.”

“எத்தனை?”

ஏழு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு என்றேன். வாயு என்று எழுதி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள், “நல்லவேளை ஒங்க சாரு நுரையீரலக் குடுத்தாரு. பிரசவத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணச் சொல்லிருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

அதற்கப்புறம்தான் இந்த ஊதுகுழாயை வாங்கினேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஊதி, நோட்டில் எழுதி, வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். சராசரி ஐந்நூற்றுப் பத்து. ஐந்நூறாக இறங்கினால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு நுரையீரலின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி, எது தப்பு என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட இன்னொரு நல்ல நுரையீரல் வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல நுரையீரல் அண்ணனுடையது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் அவன் குரல் மைக் இல்லாமலே வாசல் தாண்டிக் கேட்கும். பாட்டின் நீளமான வரியை எல்லோரும் நடுவில் மூச்சு வாங்கிப் பாடுவார்கள். அவன் ஒருவன்தான் ஒரே இழுப்பில் கொண்டுபோய் முடிப்பான். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. புளோ ரூம் என்பார்கள். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து, உதறி, தூசி தட்டி எந்திரத்துக்குள் அனுப்பும் இடம். பன்னிரண்டாவது முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவன், அங்கேயே இருந்துவிட்டான். ஆலையில் வார விடுமுறை ஆளுக்கொரு நாள் மாறி மாறி வரும். அண்ணன், பூசைக்குப் போகணும் என்று சூப்பர்வைசரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமையைத் தனக்கும் தன் புளோ ரூம் ஆட்களுக்கும் நிரந்தரமாக்கிக்கொண்டான்.

ஆகவே எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு காலை பூசை. பூசை முடிந்ததும் இரண்டு வீடும் அண்ணன் வீட்டில். மதினி கறிக்குழம்பு வைப்பார், என் மனைவி வெஞ்சனத்துக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போவாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் நான் குழாயை எடுப்பேன்.

“வந்துட்டான்யா டாக்டரு” என்பான் அண்ணன். “ஏலே, பூசைக்குப் போயிட்டு வந்தவன ஊதச் சொல்றியே, போலீஸ்காரனாலே நீ?”

“மூணு தடவண்ணே. நல்லா இழுத்து.”

அவன் எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, ஏதோ சந்தையில் மூட்டை தூக்கப் போகிறவன் மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டு ஊதுவான். நானூற்று எண்பது. நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு நான் ஊதுவேன். ஐந்நூற்றுப் பத்து. என் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆய்வேட்டில் அண்ணனுடைய எண்களுக்கு மேல் ‘நலமுள்ள நபர் ஒன்று’ என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு, ஊதி முடித்துக் குழாயைத் துண்டில் துடைத்துக்கொண்டே அண்ணன் சொன்னான். “இன்னைக்கு நல்லாத்தாம்லே ஏறுது. நாளைக்கு வந்து பாரு. திங்கக்கிழமைனா நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு.”

நான் யோசிக்கவே இல்லை. “ஒனக்கு மட்டுமாண்ணே? எனக்குத் திங்கக்கிழமை மொத பீரியடு மெக்கானிக்கல் பயலுக. அறுவது பேரு ஏறி உக்காருறாய்ங்க.”

வீடே சிரித்தது. அடுப்படியிலிருந்து மதினி சிரித்தார். எல்லோரையும்விட அண்ணன்தான் அதிகம் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தோம். எனக்கோ நல்ல நகைச்சுவை ஒன்று அமைந்துவிட்ட சந்தோஷம். அமைந்ததை விடுவேனா? அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது வண்டியை உதைத்துக்கொண்டே, “நாளைக்கு நெஞ்சப் பாத்துக்கண்ணே” என்பேன். “நீ ஒன் பயலுகளப் பாத்துக்க” என்பான். நாலு வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த நாலு வருஷத்தில் நானூற்று எண்பது மெல்ல நானூற்று நாற்பது ஆனது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு வரைந்தேன், கோட்டின் சரிவுக்கு ‘வயது’ என்று பெயர் வைத்தேன். என் முள் பத்து இறங்கினால் அது ஆஸ்பத்திரி. அவன் முள் நாற்பது இறங்கினால் அது வயசு.

பாடற்குழுவில் அவன் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனான். பிறகு, “புதுப் பிள்ளைக பாடட்டும்” என்று கீழே வந்து, கதவோரம் காற்றுப் படுகிற பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். “சாமியாரு பிரசங்கம் நீண்டா ஓடிப்போக வசதியாண்ணே?” என்று கேட்டேன். எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

நாலாவது அத்தியாயம் முடிந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் கண்டுபிடிப்பு எனக்கே பிரமாதமாகப் பட்டது. புதிதாக நான் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் என் சமன்பாட்டிலிருந்து அது தானாக வந்து விழுந்தபோது, நானே பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. குழாயின் விட்டம் பாதியானால் அதில் காற்றுக்குத் தடை பதினாறு மடங்காகும். அப்படியானால் கடைசியில் இருக்கும் நூல் மாதிரியான குழல்களில்தானே தடை அதிகம் இருக்க வேண்டும்? இல்லை. அவை அத்தனை லட்சம் இருப்பதால், ஒன்றாகச் சேரும்போது தடை இல்லாமலே போய்விடுகிறது. மொத்தத் தடையும் மேலே இருக்கும் சில பெரிய குழாய்களில்தான். அதனால் கடைசிக் குழல்களில் பாதிக்குப் பாதி அடைத்துப் போனாலும், மேலே ஊதிப் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மௌனப் பகுதி என்று அந்த இடத்துக்குப் பெயர்.

இதை அண்ணனுக்கு விளக்க எனக்கு உவமானம் கிடைத்தது. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் மாமாவின் மல்லிகைத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். மோட்டாரிலிருந்து ஒரு பெரிய குழாய், அதிலிருந்து சின்னக் குழாய்கள், அவற்றில் செடிக்கொரு சொட்டுவாய்.

“சொட்டுவாய்ல நூறு அடச்சுக்கிருச்சுன்னு வச்சுக்கண்ணே. மோட்டாருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மேல மீட்டர்ல தெரியுமா?”

“எப்பிடித் தெரியும், அதான் மத்ததுல போகுதுல்ல.”

“அம்புட்டுத்தான் என் அத்தியாயம்.”

அண்ணன் முற்றத்தில் கொடியில் கிடந்த தன் மில் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், “அப்ப செடி காஞ்சாத்தான் தெரியுமா?”

“ஆமாண்ணே.”

“காஞ்ச செடிக்கு என்ன பண்ணுவாக?”

“அது என் தலைப்புல இல்லண்ணே” என்றேன். அதற்கும் சிரித்தோம். அன்று முள் நானூற்று நாற்பதில் நின்றது, நான் நானூற்று நாற்பது என்று எழுதினேன்.

அதற்கடுத்த சித்திரையில் ஒரு திங்கட்கிழமை கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை வந்தது. அண்ணனின் பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மதினி போன் செய்து, “மில்லு பஸ்ஸ விட்டா டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வரணும் தம்பி, செத்த போயிக் கூட்டிட்டு வர்றீகளா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவன் வேலை முடிந்து வெளியே வருவதை நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமைகளில் எனக்குத்தான் மெக்கானிக்கல் பயலுகள் இருந்தார்களே.

நாலு மணிக்கு ஷிப்ட் விட்டது. கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு சின்னப் பாலம். புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சுத் தூள் ஒட்டிய ஆட்கள் வந்தார்கள். வெளியே வந்த தொழிலாளிகள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தரும் பேசவில்லை. ஆறேழு பேர் நேராக அந்தப் பாலத்துச் சுவருக்கு வந்து, உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்துகொண்டார்கள். உள்ளே ஏதோ விபத்து என்று வண்டியை விட்டு இறங்கினேன்.

அண்ணன் கடைசியாக வந்தான். கேட்டிலிருந்து டீக்கடை முப்பது அடி இருக்கும். நடுவில் இரண்டு தடவை நின்றான். நிற்பது தெரியாமல் இருக்க ஒரு தடவை செருப்பைப் பார்த்தான், ஒரு தடவை வானத்தைப் பார்த்தான்.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்லலே.” பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “திங்கக்கிழமைல்ல.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த மீசைக்காரர் ஒருவர் நிமிராமலே சொன்னார். “செத்த நேரம் உக்காரட்டும் சார். புளோ ரூம்காரங்களுக்கு லீவு முடிஞ்சு வர்ற நாளு இப்பிடித்தான். நாளைக்குக் கொஞ்சம் தேவல. வெசாழன் வெள்ளில ஒண்ணும் தெரியாது. அப்பறம் ஒரு நா லீவு. மறுபடி மொதல்ல இருந்து.”

“எல்லாருக்குமா?”

“ரொம்ப வருசமா இருக்கிற எல்லாருக்கும்.”

பையில் குழாய் இருந்தது. எப்போதும்தான் இருக்குமே. எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவன் எழவில்லை, தோளைக் குலுக்கவில்லை, உட்கார்ந்தபடியே ஊதினான். இருநூற்று எழுபது. இன்னொரு தடவை என்றேன். இருநூற்று ஐம்பது. மூன்றாவதில் இருநூற்று அறுபது. குழாய் கெட்டுவிட்டது என்று நானே ஊதிப் பார்த்தேன். அந்தச் சனியன் ஐந்நூற்று இருபது காட்டியது. என் வாழ்க்கையிலேயே அதிகம்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குச் சொல்ல வெட்கம். விரல் நுனி மரத்தது, காது அடைத்தது, பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு மூச்சு முட்டியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“சாரப் பிடி, சாரப் பிடி.”

“சோடா வாங்குப்பா ஒண்ணு.”

பாலத்தில் குனிந்து கிடந்த அத்தனை பேரும் எழுந்து என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நரைத்த மீசைக்காரர் தோள் துண்டை எடுத்து விசிறினார். விசிற விசிற அவர் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது, அது எனக்குக் கேட்டது. “மெதுவா இழுங்க சார், மெதுவா விடுங்க. பயப்படாதீக.” ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அண்ணன் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மீசைக்காரரிடம் சொன்னான். “பயப்படாத மாமா. அவனுக்கு ஒண்ணும் இருக்காது. அவனுக்கு ஐநூத்திப் பத்து.”

மறுநாளே நெஞ்சு டாக்டரிடம் போனோம். நான் என் நோட்டையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. அவர் பெரியவர், நிதானமானவர். பெரிய எந்திரத்தில் ஊதச் சொல்லிப் பார்த்தார், முதுகில் நெடுநேரம் கேட்டார், எத்தனை வருஷமாகப் பஞ்சில் வேலை என்று கேட்டார். பிறகு, “லீவு முடிஞ்சு போற நாள்ல நெஞ்சு இறுக்குமா?” என்று அவராகவே கேட்டார். அண்ணன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

“ஆமா சார்.”

“எவ்வளவு நாளா?”

“ஒம்போது, பத்து வருசமா.”

“ஏன் யாருகிட்டயும் காட்டல?”

அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். “தம்பி வாராவாரம் பாத்துக்கிட்டுத்தான் சார் இருந்தான். படிச்சவன். நல்லாருக்குன்னு சொன்னான்.”

டாக்டர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் தேதிகளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த நாள்காட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் ஞாயித்துக்கெழமையா?”

“ஆமா சார்.”

“இவருக்கு லீவு என்னைக்கு?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணனிடம் பேச ஆரம்பித்தார். பஞ்சுத் தூசி உள்ளே போய்ச் சின்னக் குழல்களைப் புண்ணாக்கும் என்றார். ஆரம்பத்தில் லீவு நாளில் ஆறும், மறுநாள் மறுபடி இறுகும், அந்த ஆரம்பத்திலேயே தூசியை விட்டு வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். இப்போது போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெளியே வந்து வண்டி எடுக்கும் இடத்தில் கேட்டேன். “ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேன்ல. ஒருக்கா.”

நான் வண்டிச் சாவியைப் பையில் தேடினேன்.

“நீ சொன்னது எனக்கே சிரிப்பாத்தாம்லே இருந்துச்சு. ஒருவேள நாமதான் சோம்பேறித்தனம் பட்றமோன்னு நெனச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை யாருக்குத்தான் வேலைக்குப் போகப் பிடிக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அதுக்கு மேல சொன்னா நீ பயந்து ஊரக் கூட்டுவ. அப்பறம் என்னைய விட்டுட்டு ஒன்னைய ஆட்டோல தூக்கிட்டுப் போகணும்” என்றான்.

அதற்கும் நான் சிரித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

அண்ணன் வேலையை விட்டான். மருந்து, இழுக்கும் பம்பு, பிறகு கட்டில் பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஆக்சிஜன் எந்திரம். டாக்டர் சொன்ன அந்த மிச்சத்தையும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. பூசைக்கு அவனால் வர முடியவில்லை, நற்கருணையைச் சாமியார் வீட்டுக்கே கொண்டுவந்தார். இப்போது நான் தினமும் காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் ஊதச் சொல்லி எழுதினேன். எந்தக் கிழமையும் விடவில்லை. எண்ணுக்கும் கிழமைக்கும் இப்போது சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. திங்களும் ஞாயிறும் ஒன்றுதான். இருநூறு. நூற்று எண்பது. நூற்று முப்பது.

“ஏலே, ஒரு பத்து மார்க்குச் சேத்துப் போட்டு விடுறது. பாஸாயிருவேன்ல” என்பான்.

“போர்டு விடாதுண்ணே.”

“வாத்தியாரு மனசு வச்சா நடக்கும்.”

மதினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வாசல்வரை வந்து என்னிடம் சொன்னார், “வராம இருந்துறாதீக தம்பி. நீங்க வந்து ஊதச் சொன்னாத்தான் அவுகளுக்கு இன்னும் கணக்குல இருக்கோம்னு இருக்கு.”

கடைசியாக ஊதியது ஒரு திங்கட்கிழமை. தொண்ணூறு. குழாயை வாயிலிருந்து எடுத்து அவனே எண்ணைப் பார்த்தான். துடைத்து என்னிடம் கொடுத்தான். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோது, விட்டு விட்டு வந்த மூச்சில் சொன்னான், “நெஞ்சு இருக்கட்டும். நீ ஒன் பயலுகளப் பாத்துக்க.” அந்த ஜோக்கின் அவன் பாதியை அவன் சொல்லிவிட்டான். என் பாதியை என்னால் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவனுக்கு ஊதத் தெம்பில்லை. புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நான் வகுப்பில் இருந்தபோது, போன் வந்தது.

மறுநாள் அடக்கம். மில்லிலிருந்து புளோ ரூம் ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கதான் தூக்குவோம் என்று நின்றார்கள். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் பக்கம்தான். ஆனாலும் பத்தடிக்கு ஒரு தரம் ஆள் மாறினார்கள். தோளைக் கொடுப்பார், பத்தடி நடப்பார், அடுத்தவர் வந்து வாங்கிக்கொள்வார், இவர் ஓரமாக நின்று முழங்காலில் கை ஊன்றுவார். ஊர்வலம் அதனால் நின்று நின்று போனது. மண் போட்ட பிறகு நரைத்த மீசைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்லவேள, வெசாழக்கெழமையாப் போச்சு சார்” என்றார். “திங்கக்கிழமைனா எங்களால தூக்கியிருக்க முடியாது.”

அவர் ஜோக் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஆய்வேட்டைத் திறக்க ஆறு மாதமானது. முதல் வரியைத் திருத்தினேன். குழல்கள் சரிசமமாகப் பிரியட்டும், ஆனால் எல்லாம் திறந்திருக்கும் என்று கொள்ள எனக்கு இனி உரிமை இல்லை. கடைசிக் கிளைகளில் சிலவற்றை அங்கங்கே மூடி, மொத்தத் தடை எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் போடும்படி கம்ப்யூட்டர் நிரலை மாற்றினேன். பத்தில் ஒன்றை மூடினேன். விடை கிட்டத்தட்ட மாறவில்லை. பத்தில் மூன்றை மூடினேன். அப்போதும் அது நலம் என்றே சொன்னது. ஒரு ஞாயிறு மாலை முழுக்க நான் கிளைகளை மூடிக்கொண்டே போனேன். அது நலம் நலம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. எனக்குக் கம்ப்யூட்டரின்மேல் கோபம் வரவில்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

அட்டவணையில் இரண்டு மாற்றம் செய்தேன். ‘நலமுள்ள நபர் ஒன்று’ என்பதில் முதல் வார்த்தையை எடுத்தேன். தேதிக்குப் பக்கத்தில் ‘கிழமை’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு என்று நாலு பக்கத்துக்கு ஓடியது.

நெறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “தேதிதான் இருக்கே. கிழமை எதுக்கு?”

“தேதிய வச்சுக் கிழமை கண்டுபிடிக்க யாரும் மெனக்கெட மாட்டாங்க சார். நானே மெனக்கெடல.”

அவருக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. இருக்கட்டும் என்றார்.

போன திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு மாடிப்படி ஏறும்போது எனக்கு நெஞ்சு இறுகியது. பழக்கமான இறுக்கம்தான். விரல் நுனி மரத்தது, காது அடைத்தது. படியின் திருப்பத்தில் நின்று பைக்குள் கையை விட்டுக் குழாயை எடுத்தேன். முள் தொண்ணூறில் நின்றிருந்தது. நான் ஊத வேண்டுமானால் அதைக் கீழே தள்ள வேண்டும். அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பைக்குள் அத்தனை குலுங்கியும் அது அங்கேயே இருந்தது.

படியில் செத்த நேரம் உட்கார்ந்தேன். மெதுவாக இழுத்தேன், மெதுவாக விட்டேன். பிறகு குழாயைக் கைக்குட்டையில் சுற்றி, முள் எதிலும் உரசாதபடி சாப்பாட்டு டப்பாவுக்கும் விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் வைத்தேன். மேலே அறுபது பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனேன்.